மீன் முள்ளைக் கடல் கரைத்துவிடுமா? (திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி)

கொட்டியாரம்_ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கண்காட்சிக்காகத் தரம் பத்துப் பிள்ளைகள் ஒரு பரிசோதனை செய்திருக்கிறார்கள். பாரை மீனின் நடுமுள்ளை வினாகிரியில் ஊறப் போட்டார்கள். இப்போது அந்த முள்ளை விரலால் அழுத்தினால் ஒடியாமல் வளைகிறது. அதைப் போத்தலில் போட்டு, "2100இல் கடல் மீன்களுக்கு இதுதான் நடக்கும்" என்று பலகை எழுதி வைக்க வேண்டுமாம். வட்ஸ்அப்பிலும் இதே மாதிரி ஒரு செய்தி சுற்றுகிறது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வளியில் கூடும் காபனீரொட்சைட்டைக் கடல் உறிஞ்சுவதும், அதனால் முருகைக்கல்லும் சிப்பியும் பாதிக்கப்படுவதும் தெரியும். மீன் முள்ளுக்கும் அதே கதைதானா? படித்தவர்களும் கடலில் தொழில் செய்பவர்களும் விளக்கினால் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. ஊர்ச் சனத்துக்கு முன்னால் நின்று அவர்கள் சொல்லப் போவது சரியாக இருக்க வேண்டும்.

நிலாவெளி_சுழியோடி எழுதியது:

நல்ல கேள்வி ரீச்சர். புறாத்தீவில் முருகைக்கல் வெளிறுவதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் அது சூட்டினால் வருவது. அமிலத்தால் மீனுக்கு என்ன ஆகும் என்பதை நானும் தெரிந்துகொள்ள வேண்டும். கடலுயிரி தங்கச்சி இந்தப் பக்கம் வந்தால் சொல்லுவா.

கடலுயிரி எழுதியது:

வந்துவிட்டேன் அண்ணா. ரீச்சர், பரிசோதனை அருமையானது. அந்தப் பலகை வரியைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் வினாகிரி. அதன் பிஎச் 3க்கும் கீழே. (பிஎச் என்பது அமில அளவு. எண் குறையக் குறைய அமிலம் கூடும், 7க்கு மேல் என்றால் காரம்.) கடல் மேற்பரப்பின் பிஎச் தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2, இப்போது ஏறத்தாழ 8.1. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் பிஎச் மடக்கை அளவு, அதாவது ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு, என்பதால் ஐதரசன் அயன்கள் கிட்டத்தட்ட 30 வீதம் கூடிவிட்டன. நாம் இப்படியே புகை விட்டுக்கொண்டிருந்தால் இந்த நூற்றாண்டின் முடிவில் 7.8 அளவுக்கு இறங்கும் என்பதுதான் மோசமான கணிப்பு. அப்போதும் கடல் காரப் பக்கத்தில்தான் நிற்கும். வினாகிரிப் போத்தல் அளவுக்கு அது ஒரு நாளும் போகாது.

அடுத்தது, முள் எதனால் ஆனது என்பது. முருகைக்கல்லும் சிப்பியும் கல்சியம் காபனேற்று. காபனீரொட்சைட்டு நீரில் கரைந்து ஐதரசன் அயனை விட, அந்த அயன் காபனேற்றைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடும். ஓடு கட்டுகிற உயிருக்கு வேண்டிய காபனேற்று கடலில் குறைந்துபோகிறது. மீன் முள்ளோ பெரும்பாலும் கல்சியம் பொசுபேற்று, நம் எலும்பைப் போல. அதன் மூலப்பொருளுக்கு இந்த வழியில் தட்டுப்பாடு வராது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, முள் இருக்கும் இடம். முருகையின் கூட்டைக் கடலிலிருந்து பிரிப்பது மெல்லிய தசை மட்டும்தான். அந்தத் தசை செத்த இடத்தில் கடல்நீர் நேரே கல்லில் படுகிறது. மீன் முள் தோலுக்கும் தசைக்கும் உள்ளே இருக்கிறது. அதைத் தொடுவது மீனின் உடற்திரவங்கள். ஆகவே கடல் என்ன ஆகிறது என்பதோடு நின்றுவிடாமல் இரத்தம் என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று. நம் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. வங்காள விரிகுடாவில் சில நூறு மீற்றர் கீழே போனாலே பிஎச் 7.8க்கும் குறைவு. அங்கே காலங்காலமாக மீன்கள் முள்ளோடுதான் வாழ்கின்றன.

உப்புவெளி_வாசகன் எழுதியது:

அப்படியென்றால் மீனுக்கு ஒன்றும் இல்லை என்றுதானே ஆகிறது? சும்மா சனத்தைப் பயப்படுத்துகிறார்கள். நம் கடலில் மீனின் முள்ளை முறிப்பது டைனமைட். அதைப்பற்றி ஒரு கண்காட்சி வையுங்கள் ரீச்சர்.

மூதூர்_நானா எழுதியது:

தம்பி சொல்லும் டைனமைட் கதை உண்மை. வெடி வைத்துப் பிடித்த மீனை வெட்டினால் தெரியும். வெளியில் தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே நடுமுள் விட்டுப்போய், அதன் ஓரமாக இரத்தம் கட்டியிருக்கும். காற்றுப்பை கிழிந்திருக்கும். சட்டத்தில் தடை, ஆனாலும் நடக்கிறது. ஆனால் அதற்காக மற்றதைக் கேட்காமல் விட வேண்டுமா? பிள்ளை, நீங்கள் இரத்தம் என்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அதை முடியுங்கோ.

கடலுயிரி எழுதியது:

முடிக்கிறேன் நானா.

தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. அதனால் மீன் பூ (செவுள்) வழியாக ஓயாமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓட்டத்தில் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டில் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும். நம் இரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மில்லிமீற்றர் இரசம். மீனில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு குறைவாக இருப்பதால்தான், கடலில் அது கொஞ்சம் ஏறினாலும் மீனின் உடம்பு உடனே உணர்கிறது.

உணர்ந்ததும் என்ன செய்கிறது? பூவிலுள்ள சில கலங்கள் ஐதரசன் அயனை வெளியே தள்ளி, இருகாபனேற்றை உள்ளே சேர்க்கின்றன. வளர்ந்த மீன் சில மணித்தியாலங்களில், மிஞ்சினால் ஓரிரு நாளில், இரத்தத்தின் பிஎச்சைப் பழையபடி ஆக்கிவிடும். இதனால்தான் முள் கரைவதில்லை. ஆனால் இரத்தத்தில் இருகாபனேற்று வழமையைவிட அதிகமாகவே நிற்கும், கடல் அப்படியே இருக்கும்வரை. தம்பி "ஒன்றும் இல்லை" என்கிறாரே, அந்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. மீன் சமாளிக்கிறது. சமாளித்ததன் தடயம் அதன் உடம்பில் எங்கெங்கே விழுகிறது என்பதைத்தான் கடந்த பதினைந்து இருபது வருடங்களாக ஆய்வாளர்கள் தேடி வருகிறார்கள். முதலில் கிடைத்த இடம் காது.

மூதூர்_நானா எழுதியது:

கத்தாளைத் தலையில் இருக்கும் கல்லைச் சொல்கிறீர்களா? பெரிய கத்தாளை என்றால் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள். வெள்ளையாக, ஒரு பக்கம் புடைத்து, மற்றப் பக்கம் பள்ளம் விழுந்திருக்கும்.

கடலுயிரி எழுதியது:

அதேதான் நானா. காதுக்கல். அது முள்ளைப் போலப் பொசுபேற்று இல்லை. கல்சியம் காபனேற்று, முருகைக்கல்லின் அதே பொருள். ரீச்சர், பிள்ளைகளிடம் ஒரு கத்தாளைத் தலையைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடிப்பக்கத்தில் கத்தி நுனியால் மெல்லத் திறந்தால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். கழுவித் துடைத்துவிட்டு ஒரு சொட்டு வினாகிரி விடச் சொல்லுங்கள். உடனே நுரைக்கும். முள்ளில் அப்படி நுரைக்காது, மெதுவாக இளகும். ஒரே மீனுக்குள் இரண்டு வகைக் கனிமம் இருப்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். மேசையில் வைக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

இனி ஆய்வுக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் கத்தாளைக் குடும்பத்து மீன் ஒன்றின் முட்டைகளைக் காபனீரொட்சைட்டு கூடிய நீரில் வளர்த்தார்கள். காபனேற்றுக் கல் என்பதால் சிறுத்துப்போகும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 2009இல் வெளிவந்த முடிவு நேரெதிர். ஒரு வாரக் குஞ்சுகளின் காதுக்கல், மிக உயர்ந்த அளவு காபனீரொட்சைட்டில், பரப்பில் 15 முதல் 17 வீதம் பெரிதாக இருந்தது. 2013இல் கடல் விரால் குஞ்சுகளைப் பார்த்தார்கள். நம் கடலிலும் உள்ள அதே இனம். அங்கே கல்லின் கனவளவு 49 வீதம் வரை கூடியிருந்தது.

காரணம் நான் மேலே சொன்ன இருகாபனேற்றுத்தான். கல் மிதக்கும் காதுத் திரவத்தின் பிஎச்சை மீன் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்காகச் சேர்த்த இருகாபனேற்று கல்லுக்குத் தீனியாகிவிடுகிறது. வெளியே முருகைக்கு எது பஞ்சமோ, அது மீனின் காதுக்குள் மிகுதியாகிறது. படித்த நாளிலிருந்து இந்த இடம் என்னை விட்டுப் போகவில்லை.

நிலாவெளி_சுழியோடி எழுதியது:

கல் பெரிதானால் மீனுக்கு நல்லதா கெட்டதா?

கடலுயிரி எழுதியது:

மீனின் உடம்பும் தண்ணீரும் ஏறத்தாழ ஒரே அடர்த்தி. சத்தம் வந்தால் உடம்பு தண்ணீரோடு சேர்ந்து அதிரும். கல் கனமானது, அது பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் அடியிலுள்ள நுண்மயிர்கள் வளைய, மீனுக்குக் கேட்கிறது. கல் பெருத்தால் இன்னும் தூரத்துச் சத்தம் கேட்கலாம். கடல் விரால் ஆய்வில் கேட்கும் தூரம் 50 வீதம் வரை கூடலாம் என்று கணக்கிட்டார்கள். குஞ்சுக்கு முருகைப்பாறையின் சத்தம் முன்கூட்டியே கேட்டால் நல்லதுதான். ஆனால் கப்பலும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகளும் ஓடும் நம் துறைமுகம் போன்ற இடத்தில் தேவையில்லாத இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். சமநிலையும் இதே கல்லால்தான். இடமும் வலமும் ஒரே அளவில் வளராவிட்டால் நீந்துவதே சிக்கல்.

உப்புவெளி_வாசகன் எழுதியது:

அமிலக் கடலில் மீனுக்கு மணம் தெரியாது, எதிரியை நோக்கியே நீந்திப் போகும் என்றெல்லாம் செய்தி வந்ததே. அது?

கடலுயிரி எழுதியது:

கோமாளி மீன்களை வைத்து 2009இலிருந்து வந்த ஆய்வுகள் அவை. உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு இன்னொரு குழு பல இன முருகைப்பாறை மீன்களில் மிகக் கவனமாக, வீடியோப் பதிவோடு, திரும்பச் செய்து பார்த்தது. அந்த நடத்தை மாற்றங்கள் தென்படவில்லை என்று 2020இல் வெளியிட்டார்கள். ஆகவே அதைக் கண்காட்சியில் வைக்கவே வேண்டாம். காதுக்கல் பெருப்பதோ வெவ்வேறு ஆய்வகங்களில், வெவ்வேறு இனங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. எல்லா இனத்திலும் இல்லை, ஆனால் பல இனங்களில்.

கரைவலை_சம்மாட்டி எழுதியது:

வாசித்துக்கொண்டே வருகிறேன். நல்லா விளங்குகிறது பிள்ளை. முள்ளே இல்லாத மீனுக்கு என்ன கதை? திருக்கை, சுறா. அவற்றுக்குக் குருத்துத்தானே. திருக்கைச் செட்டையைக் கத்தியால் இழுத்தாலே போய்விடும். ஆனால் தாடைக்கு நாங்கள் கத்தியை ஓங்கித்தான் போட வேண்டும். அதுவும் குருத்துத்தான், ஆனால் கல்லாய் இருக்கும்.

கடலுயிரி எழுதியது:

ஐயா, நீங்கள் கத்தியில் கண்ட வித்தியாசம்தான் அடுத்த ஆய்வின் மையம். சுறா, திருக்கையின் குருத்தெலும்பு முழுக்க மென்மையானதில்லை. அதன் மேற்பரப்பில் சின்னச் சின்ன ஓடுகளாக, முள்ளிலுள்ள அதே பொசுபேற்றுக் கனிமம் படிந்திருக்கும். பாரம் தாங்கும் இடத்தில், இரை நொறுக்கும் தாடையில், அந்தப் படிவு தடிப்பாக இருக்கும்.

வட அமெரிக்காவின் அத்திலாந்திக் கரையில் முட்டையிடும் திருக்கை வகை ஒன்று உண்டு. நம் கரையில் வலையில் படும் கொட்டும் திருக்கைகள் குட்டி போடுபவை, அது வேறு குடும்பம். அந்த வகையின் முட்டைகளை ஆய்வுக் காலத்து அளவான 400 அலகு (மில்லியனுக்கு இத்தனை பங்கு என்பது போல) காபனீரொட்சைட்டிலும், 2100இல் எதிர்பார்க்கும் 1100 அலகிலும், 15 பாகையிலும் 20 பாகையிலும் வளர்த்தார்கள். பொரித்த குஞ்சுகளை நுண் சீரீ ஸ்கானில் வைத்துக் கனிம அடர்த்தியைப் பார்த்தார்கள். முடிவு 2019இல் வந்தது. காபனீரொட்சைட்டு கூடியபோது தாடையிலும், கடலடியில் ஊன்றி நடக்க உதவும் இடுப்புச் செட்டைக் கால்களிலும் கனிமம் கூடியது. வெப்பம் கூடியபோது நீந்தும் பெரிய செட்டைகளில் கனிமம் குறைந்தது.

கரைந்துபோகும் என்று ஊர் சொல்ல, அமிலம் கடினமாக்கியது. நடக்கும் கால் கனத்தது, வெப்பம் நீந்தும் செட்டையை இளக்கியது. இரண்டும் ஒரே கடலில் ஒன்றாகத்தான் வரப் போகின்றன.

கரைவலை_சம்மாட்டி எழுதியது:

தாடை பலத்தால் நண்டையும் மட்டியையும் நல்லா நொறுக்குமே. நல்லதுதானே?

கடலுயிரி எழுதியது:

நொறுக்கலாம் ஐயா. ஆனால் திருக்கைக்கும் சுறாவுக்கும் காற்றுப்பை கிடையாது. பாரமில்லாத குருத்தும் எண்ணெய் நிறைந்த ஈரலும்தான் அவற்றை மிதக்க வைக்கின்றன. எலும்பு கனத்தால் அடியிலிருந்து எழும்பவும் தூரம் நீந்தவும் கூடச் செலவாகும். கடல் சுடும்போது குளிர்ந்த பக்கம் போய்ப் பிழைக்க வேண்டிய மீனுக்கு அந்த நேரத்தில் செட்டை இளகுவது நல்லதில்லை. முட்டையை ஓரிடத்தில் ஒட்டவைக்கும் இனத்துக்கு இடம்மாறும் வழியே அந்தச் செட்டைதான்.

நிலாவெளி_சுழியோடி எழுதியது:

புறாத்தீவில் வெள்ளைக்காரரும் நம் ஆட்களும் பார்க்க வருவது செட்டை நுனி கறுத்த சுறாவைத்தான். அதன் பல்லைப்பற்றி ஏதோ செய்தி படித்தேன்.

கடலுயிரி எழுதியது:

ஓம் அண்ணா, அதே இனம். 2025இல் ஜெர்மனியில் செய்தது. காட்சிச்சாலைச் சுறாக்கள் உதிர்த்த பற்களைச் சேகரித்து, பாதியை 8.1 பிஎச் நீரிலும் பாதியை 7.3 நீரிலும் எட்டு வாரம் வைத்தார்கள். 7.3இல் இருந்தவற்றில் வெடிப்பும் குழிகளும் வேரில் அரிப்பும் அதிகமாக இருந்தன. 7.3 என்பது 2300ஆம் ஆண்டுக்கான கணிப்பு, நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் அப்பால். உதிர்ந்த பல் என்பதால் அதைப் பழுதுபார்க்க உடம்பும் இல்லை. உயிருள்ள சுறா வாழ்நாள் முழுக்கப் பல் மாற்றிக்கொண்டே இருக்கும்.

உயிருள்ள சுறாவிலும் ஒன்று பார்த்திருக்கிறார்கள். தென்னாபிரிக்கக் கரையின் சிறிய சுறா ஒன்றை அதே 7.3 நீரில் சுமார் இரண்டு மாதம் வைத்தபோது, இரத்தத்தை அது சமாளித்துவிட்டது. ஆனால் தோலைச் சொரசொரப்பாக்கும் நுண்பற்களில் நாலில் ஒன்று சேதம். சாதாரண நீரில் பத்தில் ஒன்றுகூட இல்லை. ரீச்சர், வினாகிரிப் போத்தலின் பாடம் இங்கேதான் பொருந்துகிறது. கடல்நீர் நேரே தொடும் பல்லையும் தோலையும் அது அரிக்கலாம். உள்ளே இருப்பதைத் தொட வேண்டுமென்றால் இரத்தத்தைக் கடந்துதான் வர வேண்டும், வரும்போது வேறு உருவில் வருகிறது.

கொட்டியாரம்_ரீச்சர் எழுதியது:

மிகவும் நன்றி பிள்ளை. இரண்டு கிண்ணம், முள்ளுக்கு ஒன்று காதுக்கல்லுக்கு ஒன்று. பலகையை அதற்கேற்றபடி புதிதாக எழுதச் சொல்கிறேன். இன்னொரு கேள்வி. எங்களிடம் ஒரு பிஎச் மானி இருக்கிறது. கொட்டியாரக் குடாவில் அளந்து, கடல் அமிலமாவதைக் காட்டலாமா?

கடலுயிரி எழுதியது:

அளக்கலாம், ஆனால் அதைக் காட்ட முடியாது ரீச்சர். கையில் பிடிக்கும் மானியின் பிழையே 0.1 அளவில் இருக்கும். இருநூறு வருடத்தில் கடல் மாறியதும் அவ்வளவுதான். ஹவாயில் 1988இலிருந்து விடாமல், மிக நுட்பமான கருவிகளால் அளந்துதான் வருடத்துக்கு 0.002 போல இறங்குகிறது என்று கண்டார்கள்.

கொட்டியாரத்தில் மகாவலி வந்து விழுகிறது. மாரியில் ஆற்று நீர் பரவினால் உப்பும் பிஎச்சும் இரண்டுமே இறங்கும். கடற்புல் உள்ள இடத்தில் பகலில் பிஎச் ஏறும், இரவில் இறங்கும். அதைப் பிள்ளைகள் காலையிலும் பின்னேரமும் அளந்து பார்க்கட்டும், அது அழகான பரிசோதனை. கடல் ஒரே எண்ணில் நிற்கும் தண்ணீர்த் தொட்டி இல்லை என்று விளங்கும்.

உப்புவெளி_வாசகன் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன், விஷயம் இருக்கிறது. ஆனால் புகை விடுவது பெரிய நாடுகள். நாம் திருகோணமலையில் இருந்து என்ன செய்ய?

மூதூர்_நானா எழுதியது:

குஞ்சு மீனைக் காப்பாற்றலாம் தம்பி. சிறுகண்ணி வலையை விட வேண்டும், கண்டலை வெட்டாமல் இருக்க வேண்டும், வெடியை நிறுத்த வேண்டும்.

கடலுயிரி எழுதியது:

நானா சொன்னது ஆய்வோடும் ஒத்துப்போகிறது. வளர்ந்த மீன் பூவால் சமாளிக்கும். பொரித்து ஓரிரு நாளான குஞ்சுக்குப் பூ இன்னும் வளர்ந்திருக்காது, தோலிலுள்ள சில கலங்களை நம்பித்தான் இருக்கிறது. போர்த்துக்கலில் நாக்கு மீன் குஞ்சுகளை 4 பாகை கூடிய சூட்டிலும் 0.5 குறைந்த பிஎச்சிலும் வளர்த்தபோது முள் கோணலும் கூடியது, காதுக்கல்லும் பெருத்தது. 2014இல் வந்த முடிவு. அமிலமும் சூடும் சேரும்போது அடி விழுவது இந்த வயதில்தான். ஏற்கனவே இளைத்துப் போன கூட்டத்துக்கு அதைத் தாங்குவது இன்னும் கஷ்டம். டைனமைட்டும் அமிலமாதலும் வேறு வேறு பிரச்சினை என்று தம்பி பிரித்தது எனக்கு ஏற்கவில்லை. இரண்டும் ஒரே குஞ்சின் மேல்தான் விழுகின்றன.

இன்னொன்றும் செய்யலாம். காதுக்கல்லில் நாளுக்கொரு வளையம் விழுகிறது என்று 1971இல் கண்டுபிடித்தார்கள். நம் கடலின் கத்தாளை, விளைமீன், பாரைக் கற்களை வருடாவருடம் சேர்த்து வைத்தால், இருபது வருடம் கழித்து ஒருவர் அளந்து ஒப்பிடலாம். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாமே வேறு கடல்களில் செய்தவை.

கரைவலை_சம்மாட்டி எழுதியது:

தலை எங்களிடம் நிறையவே கிடைக்கும். எப்படி எடுத்து வைப்பது என்று சொல்லுங்கோ. போமலினில் போடவா?

கடலுயிரி எழுதியது:

போமலின் வேண்டவே வேண்டாம் ஐயா. அது நாளாக நாளாக அமிலமாகிக் கல்லை அரித்துவிடும். வெட்டுவதற்கு முன் மீனின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கல்லை நல்ல தண்ணீரில் கழுவி, ஒட்டியிருக்கும் சவ்வை விரலால் தேய்த்து எடுத்து, நிழலில் காய வையுங்கள். ஒரு மீனுக்கு ஒரு சின்னக் கடதாசி உறை. இடமும் வலமும் இரண்டு கல்லும் அதற்குள் இருக்க வேண்டும். உறையின் மேல் மீனின் பெயர், நீளம், பிடித்த இடம், திகதி. பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத்தில் ஊறிவிடும்.